யார் கண்ணிலும் படாமல் ஓடியவள்

சுகர் என்று டாக்டர் சொன்ன அன்று நான் அழவில்லை. வெளியே பெஞ்சில் எங்கள் சபைக்காரர்கள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். அதுதான் நான் செய்த முதல் காரியம். கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிகளே, கர்த்தர் எனக்கு இரங்கி என் உயிரைத் திருப்பித் தந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் என் வெட்கத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை. மானம் போனால் போகட்டும் என்று துணிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் மெர்சி. கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊர். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வீட்டுக்காரர் சாமுவேல் விவசாயம் பார்க்கிறார். ஒரே மகள் பெனிட்டா திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துக்கு நான் செயலாளர். சனிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்துகிறவள் நான்தான். யார் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்கள், யார் வாயில் பிஸ்கட் வாசனை வருகிறது என்று ஓரக்கண்ணால் பார்க்கிறவளும் நான்தான்.

என் அம்மாவுக்கும் இதே வியாதி இருந்தது. கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. அது ஆறவே இல்லை. விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தையும் எடுத்தார்கள். அம்மா கட்டையை ஊன்றிக்கொண்டு கோயிலுக்குள் வரும்போது இரண்டு பக்கமும் தலைகள் திரும்பும். பாவம் என்பார்கள். அதே வாயால், வாயைக் கட்டியிருந்தால் இந்த நிலைமை வருமா என்றும் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன், அம்மாவின் முகத்துக்கு நேராகவே. அதனால் எனக்கு வந்தபோது யாரிடமும் சொல்ல நாக்கு எழவில்லை.

அது ஆடி மாதம். வாய்க்கால்களில் தண்ணீர் வந்துவிட்ட நேரம். கொஞ்ச நாளாகவே பாதத்தில் எறும்பு ஊறுவது போல இருந்தது. டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். காலையில் மாத்திரை போட்டதும் சாப்பிட்டுவிட வேண்டும். பட்டினி கிடக்கவே கூடாது. தினமும் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லி, வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். மாத்திரை அட்டையைக் கடுகு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். ஞானஸ்நான வீட்டில் கேசரி நீட்டினால் பல் வலி. கல்யாண வீட்டில் பாயசம் ஊற்றினால் வயிறு சரியில்லை. எங்கள் ஊரில் அந்த வருஷம் என் அளவுக்கு வியாதிகள் வந்தவர்கள் யாருமே இல்லை.

நடக்கத் தொடங்கினேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளியில் படிக்கும்போது நான் ஓட்டக்காரி. மூவாயிரம் மீட்டரில் மாவட்டம் வரை போனவள். கல்யாணத்தோடு அது நின்றது. அப்புறம் பிள்ளைப்பேறு, வேலை, அடுப்படி. உடம்பு என்னைக் கேட்காமலே பெருத்தது. ஆனால் நடக்கத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில், பாலத்து இறக்கத்தில் கால் தானாக ஓட ஆரம்பித்தது. ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைதான் ஓடினேன். அதற்குள் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. வயிறு ஒரு பக்கம் குலுங்க, நான் ஒரு பக்கம் குலுங்கினேன். தும்மினாலே அடக்க முடியாத உடம்பு. ஓடினால் என்ன ஆகும் என்று பிள்ளை பெற்ற சகோதரிகளுக்குத் தெரியும். நனைந்த துணியோடு வீடு வந்து சேர்ந்தேன். ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை.

மறுநாள் மெயின் ரோட்டில் ஓடினேன். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. நான் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடுகிறேன் என்று டிரைவர் நினைத்துவிட்டார். நம் ஊரில் ஒரு பொம்பளை வேறு எதற்கு ஓடுவாள்? பஸ்ஸை எனக்காகவே நிறுத்தினார். கண்டக்டர் படியில் நின்று, மெதுவா வாங்க டீச்சர், உங்கள விட்டுட்டுப் போயிட மாட்டோம் என்றார். ஜன்னலெல்லாம் தலைகள். இல்லைங்க, நான் சும்மா ஓடுறேன் என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்ல வெட்கப்பட்டு ஏறிவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். அதற்கடுத்த நாளும் நிறுத்தினார்கள். அன்றும் ஏறினேன். அதன் பிறகு ஒரு நாள் நான் பாலத்தில் ஏறும் முன்பே பஸ்ஸை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார்கள். அத்தோடு மெயின் ரோட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் மாறினேன்.

அங்கேயும் விடவில்லை. சம்பா நடவு தொடங்கியிருந்தது. நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டி வருகிறவர் அஞ்சம்மாள். எங்கள் ஊர்தான், கீழத்தெரு. நான் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்துவிட்டு, சேற்றில் நின்றபடியே, டீச்சர் யாரத் தொரத்துறாங்க என்று கேட்டார். நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பெண்களும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் கூனிக் குறுகிப் போனேன். வயலுக்கு யாரும் வராத, கருவேல முள் மண்டிக் கிடந்த எதிர்க்கரைக்கு மாறினேன். நேரத்தையும் மாற்றினேன். விடிந்தும் விடியாமலும் போய்விட்டு, ஊர் எழுந்து வாசல் தெளிக்கும்போது வீட்டுக்குள் இருப்பேன்.

புறப்படும்போது ஒரு ஜெபம் செய்வேன். ஆண்டவரே, இன்றைக்கும் யார் கண்ணிலும் படாமல் என்னைக் கொண்டுபோய்க் கொண்டுவந்துவிடும். அந்த ஜெபம் தினமும் கேட்கப்பட்டது. நானும் தினமும் நன்றி சொன்னேன்.

ஓட்டம் வளர்ந்தது. ஐப்பசி மழையில் கரை முழுக்கச் சேறு. ஷூவில் அப்பிய களிமண்ணைத் தென்னை ஈர்க்கால் குத்தி எடுத்துவிட்டு மறுநாளும் போனேன். கிறிஸ்மஸுக்குள் மதகு வரை நிற்காமல் ஓடித் திரும்பினேன். சுகர் இறங்கியது. டாக்டர் முகத்திலேயே சிரிப்பு. மகளிடம் ஓட்டத்தை மட்டும் சொன்னேன், வியாதியைச் சொல்லவில்லை. அவள் போனிலேயே குதித்தாள். ஆவணி மாதம் தஞ்சாவூரில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று இருக்கிறது என்று என் பெயரைக் கொடுத்துவிட்டாள். போட்டோ எல்லாம் எடுப்பார்களாம். போட்டோவில் முகத்தை எங்கே ஒளிப்பது என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன்.

சனிக்கிழமைதான் உபவாச ஜெபமும். நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சுகர்காரி எப்படி உபவாசம் இருந்தாய்? அன்றைக்கு மட்டும் மாத்திரை போடாமல் சமாளித்தேன். உடம்பு முடியாதவர்கள் உபவாசம் இருக்க வேண்டியதில்லை என்று எங்கள் போதகர் ஐயா பல தடவை சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு அதை எடுத்துச் சொன்னவளும் நான்தான். ஆனால் நான் சாப்பிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, லெந்து நாட்கள் வந்தன. அதில் ஒரு சனிக்கிழமை. எழுந்து பல் துலக்கியதும் பழக்கதோஷத்தில் கை கடுகு டப்பாவுக்குப் போயிற்று. மாத்திரை உள்ளே இறங்கிய பிறகுதான் இன்று சனிக்கிழமை என்று உறைத்தது. இட்லி மாவு இருந்தது. இரண்டு இட்லி வேக எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டுக்காரர் வயலுக்குப் போய்விட்டார். தின்றால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் உபவாசமாக இருக்கிறீர்களா என்று பத்து மணிக்கு நான் எழுந்து நின்று கேட்க வேண்டும். தின்றுவிட்டு அதைக் கேட்க எனக்கு வாய் வராது. உண்மையைச் சொல்லவும் வாய் வராது. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டினேன். அதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

போகும்போது ஒன்றும் தெரியவில்லை. மதகைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டுத் திரும்பினேன். பாதி வழியில் கை நடுங்க ஆரம்பித்தது. பனி விலகாத அந்தக் குளிரில் சட்டென்று வியர்த்துக் கொட்டியது. வயிற்றைப் பிசைகிற மாதிரி ஒரு பசி. நடந்து பார்த்தேன். கரையும் தண்ணீரும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. ஊர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் ஓடுகிற வழி, திசை தெரியவில்லை. இடுப்பில் கிடந்து குதிக்கும் என்று போனையும் நான் எடுத்துப் போவதில்லை. உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தேன்.

அப்போதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? துப்பட்டா விலகிவிட்டதே, யாராவது பார்த்துவிடுவார்களே என்றுதான் தோன்றியது. அதைச் சரி செய்யக் கையைத் தூக்கினேன். கை வரவில்லை. பிறகுதான் புரிந்தது. பார்க்க ஆள் இல்லை. யாரும் வராத பாதையாகத் தேடிப் பிடித்தது நான். விடியாத நேரமாகப் பார்த்து வைத்தது நான். இத்தனை மாதம் ஜெபத்தில் கேட்டது அப்படியே எனக்குக் கிடைத்திருந்தது. இங்கேயே செத்துப்போனால் சாயந்திரம் ஆடு மேய்க்க வருகிறவர்கள்தான் பார்ப்பார்கள். என் மகளுக்கு நான் எதற்குச் செத்தேன் என்றுகூடத் தெரியாது. நான் வெட்கத்தினால் சாகிறேன் என்று அந்த மயக்கத்திலும் தெளிவாகத் தெரிந்தது. ஆண்டவரே, யாராவது என்னைப் பார்க்கட்டும் என்று கேட்டேன். உதடு அசைந்ததா என்று தெரியாது. அவ்வளவுதான் ஜெபம். ஸ்தோத்திரம் சொல்லவில்லை, ஆமென் சொல்லவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டது. எந்தச் சிரிப்புக்குப் பயந்து கரை மாறினேனோ, அதே சிரிப்பு. அஞ்சம்மாளும் அவர் கூட்டிவந்த பெண்களும் கரை மேல் வந்துகொண்டிருந்தார்கள். உளுந்து பறிக்கிற காலம் அது. பனி ஈரம் காய்வதற்குள் செடியைப் பிடுங்கிவிட வேண்டும், வெயில் ஏறினால் நெற்று வெடித்து உளுந்து கொட்டிவிடும் என்று விடியும் முன்பே கிளம்பியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தடதடவென்று ஓடி வந்தார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் டீத்தூக்கைத் திறந்தார். அதற்குள் ஒரு பெண் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். சனிக்கிழமை இவர்கள் விரதமாக இருக்கிறவர்கள், வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், பாவம் நமக்கு வந்து சேரும் என்றாள். தூக்கு மூடி திரும்பவும் மூடப்படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஊர் முழுக்கப் பரப்பி வைத்திருந்த பெருமை என் வாய்க்கும் அந்த டீக்கும் நடுவில் வந்து நின்றது.

நான் சொல்லியாக வேண்டும். வேறு வழியில்லை. நாக்கு கல்லாகக் கிடந்தது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"எனக்கு சுகர். இனிப்பு குடுங்க."

அந்த வார்த்தையை அதுவரை நான் எந்த மனிதர் முன்பும் சத்தமாகச் சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம்கூட அடுப்படியில் வைத்துக் காதோடு காதாகத்தான் சொன்னேன். அஞ்சம்மாள் தூக்கைத் தன் கையில் வாங்கினார். என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சர்க்கரை தூக்கலாக இருந்த அந்த டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். யாரோ மடியிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து உடைத்துக் கொடுத்தார்கள். கண் தெளிந்தபோது என்னைச் சுற்றி அத்தனை முகங்கள். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகங்களை விட்டு என் கண்ணை எடுக்க முடியவில்லை.

அன்றைக்கு அவர்கள் போக வேண்டியது வேறு வயலுக்காம். அங்கே இன்னும் காய வேண்டும் என்று முந்தின நாள் சாயந்திரம்தான் மாற்றிச் சொன்னார்களாம். வழக்கமான கரையில் பாலம் வேலை நடந்ததால் இந்தப் பக்கம் சுற்றி வந்தார்களாம். சகோதரிகளே, நான் ஜெபித்தது விடிந்த பிறகு. பதில் முந்தின சாயந்திரமே புறப்பட்டுவிட்டது. தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்தக் கரையில் கிடந்தவள் நான்.

அஞ்சம்மாள் போன் போட்டதும் வீட்டுக்காரர் பைக்கில் பறந்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது மணி பத்தாகப் போகிறது என்று பார்த்தேன். கோயில் சாவி எங்கள் வீட்டில் இருந்தது. பெண்கள் வாசலில் காத்திருப்பார்கள். ஏங்க, சாவியைக் கொடுத்துட்டு, ஜுரம்னு மட்டும் சொல்லிடுங்க என்றேன். இவ்வளவு நடந்த பிறகும் அதைத்தான் சொன்னேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது. அவர் அதட்டுகிற மனிதர் இல்லை. அன்றைக்கு அவர் கண் கலங்கியிருந்தது.

"உன் வெக்கத்துக்கு நான் காவல் காத்தது போதும் மெர்சி. இன்னைக்கு உன்ன வாரிக் குடுத்துருப்பேன்."

 அவர் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வந்தார். சாயந்திரம் மகளுக்கு நானே போன் செய்து சொன்னேன். அவள் மாத்திரையின் பெயரையும் போடுகிற நேரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை டிபன் பாக்ஸோடு ஜெபத்துக்குப் போனேன். எழுந்து நின்று, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்காமல், எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது, அதை மறைத்தேன், மறைத்துக்கொண்டே உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னை மன்னியுங்கள் என்றேன். பிறகு பாயில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அந்த மௌனத்தில் மூடி திறந்த சத்தம் வாசல் வரை கேட்டிருக்கும். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன்.  எங்கள் சங்கத் தலைவி பாக்கியம் அக்கா உபவாசத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அவர் என் டப்பாவை உற்றுப் பார்த்தார். பிறகு ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். என்னை அருவருத்துவிட்டார் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆனால் ஓட்டத்தை விடவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு, பையில் மிட்டாயோடு ஓடலாம் என்றார். மெயின் ரோட்டுக்கே திரும்பினேன், வெளிச்சம் வந்த பிறகு. அஞ்சம்மாள் எந்த வயலில் நின்றாலும், டீச்சர், டீ குடிச்சீங்களா என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். குடிச்சிட்டேன் என்று நானும் கத்துவேன். கத்திவிட்டு அடுத்த கம்பம் வரை தலை குனிந்தபடிதான் ஓடுவேன்.

தஞ்சாவூர் ஓட்டத்தை முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று போதகர் ஐயாவிடம் கேட்டபோது, சாயந்திர ஆராதனைக்கு வந்துவிடுங்கள் என்று அனுப்பி வைத்தார். நான் எல்லைக்கோட்டைத் தொட்டபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு பெரியவரும் ஆம்புலன்ஸும்தான். போட்டோவில் வாய் பிளந்து, வயிறு தள்ளி, கண் மூடியிருக்கிறேன். மகள் அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள்.

இதை நான் எழுத உட்கார்ந்தது அந்த ஓட்டத்துக்காக இல்லை. போன சனிக்கிழமை நடந்ததற்காக. வழக்கம்போல் ஒரு மூலையில், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து என் டப்பாவைத் திறந்தேன். பாக்கியம் அக்கா தன் இடத்தைவிட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு வாழை இலைப் பொட்டலத்தை எடுத்தார். மடியில் வைத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு இட்லி. இதை எழுதும்படி சொன்னதே அக்காதான்.

"எனக்கு உனக்கு முந்தியே வந்துருச்சு மெர்சி. எத்தன சனிக்கிழமை மயக்கத்தோட வீட்டுக்குப் போயிருக்கேன் தெரியுமா?"

இரண்டு பேரும் சாப்பிட்டோம். பின்னால் இன்னொரு பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற வேலையை நான் விட்டுவிட்டேன்.

சகோதரிகளே, உங்களுக்குள்ளும் எதையோ மூடி வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இதைத் தீர்த்துவிடும் ஆண்டவரே என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். அந்த ஜெபத்தைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர் யாரை அனுப்புவார் என்று தெரியாது. நீங்கள் கண்டு ஒதுங்கிப் போனவர்களாகவும் அவர்கள் இருக்கலாம். எனக்கு வெட்கம் போய்விட்டது என்று சாட்சி சொன்னால் அது பொய். நாளைக் காலையிலும் அது என்னோடு கிளம்பும். சாப்பிட்டுவிட்டு, வெட்கத்தோடேயே, ஊர் பார்க்க ஓடுவேன். தேவனுக்கே மகிமை.